வீடு கைநழுவும் முன்: எந்தக் கதவை எப்போது தட்டுவது?

வீடில்லாமல் போவது ஒரே இரவில் நடப்பதில்லை. முதலில் வேலை போகிறது. பிறகு வாடகை இரண்டு மாதம் தள்ளிப் போகிறது. சில வாரம் உறவினர் வீட்டில் கழிகிறது. அதற்கும் பிறகுதான் கடை வரிசையின் ஐந்தடியில் படுக்கை. ஒவ்வொரு கட்டத்துக்கும் நம் நாட்டில் ஓர் உதவி உண்டு. கடைசிக் கட்டத்தில் தேடினால் படுக்க இடம் கிடைக்கும். முதல் கட்டத்திலேயே தேடினால் வீட்டையே காப்பாற்றிக்கொள்ளலாம்.

தோட்டத்து வீடு சொந்த வீடல்ல

தோட்டத்து வீடு வேலையோடு ஒட்டியது. வேலை முடிந்தால் வீட்டையும் ஒப்படைக்க வேண்டும். 1990-ஆம் ஆண்டின் தொழிலாளர் குறைந்தபட்ச வீடமைப்புத் தரச் சட்டம், வேலைக் காலத்தில் வீடு எப்படி இருக்க வேண்டும் என்று சொல்கிறது. ஓய்வுக்குப் பின் வீட்டுக்கு அது உத்தரவாதம் தருவதில்லை.

புத்ராஜெயா எழுந்த இடம் முன்பு பெராங் பெசார் தோட்டம். அங்கிருந்து டிங்கில், தாமான் பெர்மாத்தா அடுக்குமாடிக்கு மாற்றப்பட்ட குடும்பங்கள் தரைவீட்டுக்காக 20 ஆண்டுகளுக்கும் மேல் காத்திருந்தன. நைகல் கார்ட்னர், புக்கிட் தாகார் உட்பட ஐந்து தோட்டங்களின் முன்னாள் பாட்டாளிகளும் அதே நீண்ட காத்திருப்பை அனுபவித்தவர்களே.

ஆகவே, சம்பளம் வரும்போதே வீட்டுக்கு வழி தேட வேண்டும். ஊழியர் சேமநிதியில் 2024 மே முதல் 55 வயதுக்கு உட்பட்டவர்களுக்கு மூன்று கணக்குகள் உள்ளன. அதில் ‘செஜாத்ரா’ கணக்கிலிருந்து வீடு வாங்கவும், கட்டவும், வீட்டுக் கடனைக் குறைக்கவும் பணம் எடுக்கலாம். அதற்கு 55 வயது வரை காத்திருக்கத் தேவையில்லை. நிலம் இருந்தும் வீடு கட்ட வசதியில்லாத குறைந்த வருமானக் குடும்பங்கள், எஸ்பிஎன்பி நிறுவனத்தின் ‘ருமா மெஸ்ரா ரக்யாட்’ திட்டத்தில் விண்ணப்பிக்கலாம்.

வாடகை பாக்கி ஏறும்போது

பி.பி.ஆர். வீடுகளின் மாத வாடகை 124 வெள்ளி. சிறிய தொகைதான். ஆனால் ஓராண்டு கட்டாமல் விட்டால் பாக்கி 1,488 வெள்ளியாகிவிடும். நோட்டீஸ் வந்ததும் ஒளிந்துகொள்ளாமல், வருமான விவரத்தோடு வீடமைப்பு அலுவலகத்துக்கு நேரில் சென்று தவணை முறையில் கட்ட அனுமதி கேட்பதே நல்லது.

வங்கிக் கடன், கடன் அட்டைச் சுமை கழுத்தை நெரித்தால், 2006 முதல் இயங்கும் ஏகேபிகே இலவசமாக ஆலோசனை தந்து, கடனைத் திருப்பிக் கட்டும் திட்டம் வகுத்துக் கொடுக்கிறது. ஆலோங்கிடம் வாங்கி வாடகை கட்டுவது, ஒரு குழியிலிருந்து ஏறி கிணற்றில் விழுவது போன்றது.

வேலை இழந்தவர்களுக்கு சொக்சோவின் வேலைக் காப்புறுதித் திட்டம் 2018 முதல் நடப்பில் உள்ளது. சந்தா கட்டி வந்தவர்கள் தகுதிக்கேற்ப அதிகபட்சம் 6 மாதம் வரை உதவித்தொகை பெறலாம். வேலை போன 60 நாளுக்குள் விண்ணப்பிக்க வேண்டும். பலருக்கும் தெரியாதது இந்தக் கெடுதான்.

இரவில் படுக்க இடமில்லை என்றால்

15999 என்ற தாலியான் காசே எண்ணை 24 மணி நேரமும் அழைக்கலாம். 2011-இல் கோலாலம்பூரில் தொடங்கிய அஞ்சோங் சிங்கா, சுமார் இரண்டு வாரம் தங்க இடம் தந்து வேலை தேடவும் உதவும். ஜாலான் பகாங்கில் மாநகராட்சி மன்றத்தின் இடைத்தங்கல் மையமும் உண்டு.

ஆனால் அங்கிருந்து வாடகை வீட்டுக்குப் போவதுதான் கடினம். இரண்டு மாத முன்பணம், மின்சாரம் தண்ணீருக்கு அரை மாதம், முதல் மாத வாடகை என்பதே நடைமுறை. 500 வெள்ளி வாடகைக்கு 1,750 வெள்ளி கையில் வேண்டும். வேலை கிடைத்தும் பலர் தெருவிலேயே தங்கிவிட இதுவும் ஒரு காரணம். அன்னதானம் செய்யும் ஆலயங்களும் சங்கங்களும், ஒரு குடும்பத்தின் முன்பணத்தை ஏற்றுக்கொண்டால் அந்த உதவி நிலைத்து நிற்கும்.

மைகார்டு இல்லாதவர்கள்

மைகார்டு இல்லாமல் பி.பி.ஆர். வீட்டுக்கு விண்ணப்பிக்க முடியாது. பிறப்புப் பத்திரம், குடியுரிமைச் சிக்கல் உள்ளவர்களுக்கு டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா அமைப்பு ஆவண வேலைகளில் உதவுகிறது. இதற்குக் காலம் பிடிக்கும். வீடு இருக்கும்போதே தொடங்குவது உத்தமம். முகவரி இல்லாதவருக்குக் கடிதம்கூட வந்து சேராது.