ஒரு பெயரைச் சேர்த்தேன், எல்லோரும் வெளியே

விண்டோஸ் சர்வர் 2016-க்கு மைக்ரோசாஃப்ட் தரும் நீட்டிப்பு ஆதரவு (எக்ஸ்டெண்டட் சப்போர்ட்) 2027 ஜனவரி 12-ஆம் தேதியோடு முடிகிறது. 2012 ஆர்2-ஐக் காசு கட்டி நீட்டித்தவர்களுக்கு அதற்கும் முன்பே, 2026 அக்டோபர் 13-இல் கெடு. புது சர்வருக்கு மாறும் அவசரத்தில் இருக்கும் அலுவலகங்களிலிருந்து வரும் கடிதங்களில் ஒரே புலம்பல்: “பாஸ்வேர்டு சரிதான் சார், உள்ளேதான் விடமாட்டேன் என்கிறது.”

டொமைன் என்றால் என்ன, ரிமோட் டெஸ்க்டாப்பை எப்படித் திறப்பது என்பதெல்லாம் இங்கே வேண்டாம். எழுதியவர்கள் அந்தக் கட்டத்தைத் தாண்டியவர்கள்.

உள்ளே விடுவதா வேண்டாமா என்று தீர்மானிக்கும் அனுமதிக்கு மைக்ரோசாஃப்ட் வைத்திருக்கும் பெயர் ‘யூசர் ரைட்ஸ்’. ஏதோ பிறப்புரிமை போலக் கேட்கிறது. நடப்பில் அது வாட்ச்மேன் கையில் இருக்கும் பெயர்ப்பட்டியல். நீங்கள் யார் என்பதை பாஸ்வேர்டு சொல்லும்; உள்ளே விடலாமா என்பதைப் பட்டியல் சொல்லும். வாசலுக்கு வாசல் தனிப் பட்டியல்: சர்வர் முன்னால் உட்கார்ந்து நுழைய ஒன்று, ரிமோட் டெஸ்க்டாப்பில் நுழைய ஒன்று, நெட்வொர்க் வழியே கோப்பு எடுக்க இன்னொன்று.

கோளாறு பெரும்பாலும் இந்தப் பட்டியல்களைக் குரூப் பாலிசி மூலம் அனுப்பும்போது வருகிறது. பாலிசி அடுக்கடுக்காக வரும்: முதலில் சர்வரின் சொந்த அமைப்பு, பிறகு சைட், பிறகு டொமைன், கடைசியில் ஓ.யு. கடைசியில் வருவதுதான் செல்லும். இதை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள். எவ்வளவு தூரம் செல்லும் என்பதில்தான் சறுக்குகிறார்கள்.

டொமைன் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் பட்டியலில் அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ், அக்கவுண்ட்ஸ் என இரண்டு குரூப் இருக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். பேக்கப் பார்க்க வரும் வெளியாட்களுக்காக, புது சர்வர் இருக்கும் ஓ.யு.வின் பாலிசியில் அவர்களுடைய குரூப்பைச் சேர்க்கிறீர்கள். இரண்டோடு ஒன்று சேர்ந்து மூன்று என்பது உங்கள் கணக்கு. சர்வரின் கணக்கில் ஒன்றுதான். பழைய இரண்டும் போய்விட்டன, அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ் உட்பட. நீங்கள் நினைத்தது வாக்காளர் துணைப் பட்டியல். அது எடுத்துக்கொண்டது ஒற்றைப் பெயர் கொண்ட புதுப் பட்டியல்.

பாலிசியில் அந்தப் பட்டியலுக்கான பெட்டியைத் திறந்து பார்த்தாலே பொறி தெரியும். ‘இந்த அமைப்பை வரையறு’ என்பதில் டிக் போட்டதும் கீழே வெறும் வெள்ளைக் கட்டம். ஏற்கெனவே யார் யார் இருக்கிறார்கள் என்று ஒரு வரி கிடையாது, எச்சரிக்கையும் கிடையாது. காலியாக இருப்பதைப் பார்த்தால் யாருக்கும் சேர்க்கத்தான் கை போகும். நானும் போட்டிருக்கிறேன்.

விளைவு உடனே தெரிந்தாலாவது பரவாயில்லை. சாதாரண சர்வர்கள் பாலிசியைப் புதுப்பிப்பது 90 நிமிடத்துக்கு ஒருமுறை, அதோடு 30 நிமிடம் வரை கூடுதலாக. அதனால் ஒரு சர்வர் ஏழு மணிக்குக் கதவடைக்கும், பக்கத்து சர்வர் ஏழே முக்காலுக்கு. ஏற்கெனவே உள்ளே இருப்பவரை அது வெளியே தள்ளாது. அவர் லாக் ஆஃப் செய்து திரும்பி வரும்போதுதான் தெரியும். இதையே சாதகமாக்கிக்கொள்ளலாம்: மாற்றம் செய்யும்போது அட்மின் இணைப்பு ஒன்றைத் திறந்தே வைத்திருங்கள்.

திரையில் வரும் பிழைச் செய்தி உரிமை இல்லை என்று மட்டும் சொல்லும். எந்த பாலிசி பறித்தது என்று சொல்லாது. அதற்கு ஜிபி-ரிசல்ட் அறிக்கையை எடுத்து, ‘வின்னிங் ஜிபிஓ’ என்ற இடத்தில் யார் பெயர் இருக்கிறது என்று பாருங்கள்.

இன்னொன்று. தேவைக்கு மேல் யாருக்கும் உரிமை தராதீர்கள் என்று மைக்ரோசாஃப்ட் ஓயாமல் சொல்கிறது. அதே நிறுவனத்தின் டொமைன் கன்ட்ரோலரில், நேரில் உட்கார்ந்து நுழையும் இயல்புநிலைப் பட்டியலில் பிரிண்ட் ஆபரேட்டர்ஸ் குரூப்புக்கும் இடம் உண்டு. பிரிண்டர் பார்ப்பவருக்கு நிறுவனத்தின் சாவிக்கொத்து இருக்கும் அறையில் என்ன வேலை? குரூப் காலியாகத்தானே வருகிறது என்பார்கள். காலியாகவே இருக்கிறதா என்று இன்று ஒருமுறை பாருங்கள்.

மற்றக் கேள்விகள்:

நுழைவைத் தடுக்கும் ‘டினை’ பட்டியலில் ‘யூசர்ஸ்’ போடலாமா? கூடாது, அட்மினும் அந்தக் குரூப்பில் அடக்கம், ‘டினை’ எப்போதும் ‘அலவ்’-ஐ வெல்லும்.

டொமைன் கன்ட்ரோலரில் ரிமோட் டெஸ்க்டாப் யூசர்ஸில் சேர்த்தும் நுழைய முடியவில்லையே? அங்கே இயல்பாக அட்மினிஸ்ட்ரேட்டர்ஸுக்கு மட்டும்தான் அனுமதி.

லோக்கல் பாலிசியில் ‘ஆட்’ பொத்தான் மங்கிக் கிடக்கிறதா? மேலிருந்து ஒரு பாலிசி ஆள்கிறது.

இரவு ஓடும் தானியங்கி வேலை மட்டும் நின்றுவிட்டதா? ‘பேட்ச் ஜாப்’ பட்டியலைப் பாருங்கள், அது தனி வாசல்.

டேலிக்காக எல்லோரையும் அட்மின் ஆக்கிவிட்டோம், பரவாயில்லையா? பரவாயில்லை இல்லை.

ரிமோட் டெஸ்க்டாப்பில் மூன்றாவது ஆளால் நுழைய முடியவில்லையா? அது உரிமைச் சிக்கல் அல்ல, லைசென்ஸ். நிர்வாக வேலைக்கென்று சும்மா கிடைப்பது 2 இணைப்புதான்.