அசுரன்: ஒரு சொல் தலைகீழான கதை

அசுரன் என்றதும் கோரைப்பல்லும் முறுக்கு மீசையும்தான் நமக்கு ஞாபகம் வரும். ரிக் வேதத்தின் பழைய பகுதிகளில் அப்படியில்லை. வருணன், இந்திரன், அக்னி எல்லோருமே அங்கே அசுரர்கள். ஆற்றல்மிக்க தலைவன் என்பதுபோன்ற பொருள். ஈரானிய அவெஸ்தாவில் இதே சொல் 'அஹுர' என்று கடவுளுக்கே பெயர். அங்கே கெட்டவர்கள் யார் தெரியுமா? 'தைவர்கள்', அதாவது தேவர்கள்.

பிராமண நூல்களில் அசுரன் முழுப் பகைவன். பிற்பாடு சொல்லை அ+சுர என்று உடைத்து, இல்லாத 'சுர'னை உண்டாக்கினார்கள். இதற்கு வால்மீகியின் பாலகாண்டத்தில் கதையும் உண்டு: பாற்கடலில் தோன்றிய மதுத் தெய்வம் வாருணியை ஏற்றவர்கள் சுரர், மறுத்தவர்கள் அசுரர்.

நம்ம ஆட்களும் இதைப் பிடித்துக்கொண்டார்கள். "சுரர் குடிகாரர், அசுரர் குடிக்காத திராவிடர்" என்று மேடைகளில் எத்தனை தடவை கேட்டிருப்போம்! கேலியாக நல்ல கேலிதான். அவங்க கதையை அவங்க மேலேயே திருப்பி விடுறது. ஆனா அதையே இனவரலாறாக எடுத்துக்கொண்டால், அவர்கள் செய்த பொய்ப் பிரிப்பில் நாமும் கையெழுத்துப் போட்டதாகிவிடும். ஜார்க்கண்டில் இரும்பு உருக்கி வாழ்ந்த அசுர் பழங்குடிகள் மகிஷாசுரனைத் தம் முன்னோன் என்கிறார்கள், எந்தச் சொற்பிரிப்பையும் நம்பி அல்ல. துர்கா பூஜை அவர்களுக்குத் துக்க நாள்.