5 போர்டிலும் ஒரே தப்பு! - அயர்ன் பாக்ஸ் காப்பாற்றிய புராஜெக்ட்

ரெவ்யூவுக்கு இன்னும் 2 நாள்தான். இன்ஜினீயரிங் கடைசி வருஷம் படிக்கும் என் தம்பி, சீனாவிலிருந்து வந்த பார்சலை ஆசையாகப் பிரித்தான். உள்ளே பச்சைப் பசேலென்று, வெள்ளை எழுத்துகளோடு 5 சர்க்யூட் போர்டுகள். தண்ணீர்த் தொட்டி நிறைந்ததும் மோட்டாரைத் தானாக நிறுத்தும் கருவிக்காக ஆர்டர் செய்தவை. கையிலிருந்த ரிலேயைப் பொருத்திப் பார்த்தான். 5 கால்களில் 2 கால்கள் துளைக்குள் இறங்கவே இல்லை!

டிசைன் செய்தபோது வேறு மாடல் ரிலேயின் அளவைத் தேர்ந்தெடுத்துவிட்டான். தொழிற்சாலை நாம் அனுப்பும் ஃபைலை அப்படியே செய்து தரும். தப்பையும் சேர்த்துத்தான்.

மறுபடி ஆர்டர் போட நேரமில்லை. "அக்கா, அம்மாவோட அயர்ன் பாக்ஸ் எங்க?" என்றான்.

திருத்திய டிசைனை வழவழப்பான தாளில் லேசர் பிரின்ட் எடுத்தோம். இங்க்ஜெட் உதவாது, சூட்டில் உருகி ஒட்டப்போவது டோனர்தான். செம்பு பூசிய போர்டின் மேல் தாளைக் கவிழ்த்து, அயர்ன் பாக்ஸால் சில நிமிடங்கள் அழுத்தினோம். தண்ணீரில் ஊறவைத்துத் தாளை உரித்தால், கறுப்புக் கோடுகள் செம்பில் நிற்க வேண்டும். முதல் முறை பாதிக் கோடுகள் தாளோடே வந்துவிட்டன. இரண்டாவது முறை நின்றன.

அடுத்தது ஃபெரிக் குளோரைடு கரைசல். டோனர் மூடாத செம்பையெல்லாம் அது கரைத்துவிடும். நான் எவர்சில்வர் தட்டை நீட்ட, "ஐயோ, அதையும் அரிச்சிடும்!" என்று பிளாஸ்டிக் டப்பாவை எடுத்தான். கையுறை, கண்ணாடி, திறந்த ஜன்னல் மூன்றும் அவசியம். என் துப்பட்டாவில் தெறித்த ஒரு சொட்டின் துருக் கறை இன்னும் போகவில்லை.

மீந்த கரைசலைச் சாக்கடையில் மட்டும் ஊற்றாதீர்கள். அதிலுள்ள செம்பு, நீர்வாழ் உயிர்களுக்கு விஷம். பாட்டிலில் அடைத்தால் இன்னும் சில போர்டுகளுக்கு ஆகும். தீர்ந்தபின் கல்லூரி கெமிஸ்ட்ரி லேபில் கேட்டு ஒப்படையுங்கள்.

1 மி.மீ. ட்ரில்லால் துளை போட்டு, சால்டர் செய்து முடித்தபோது விடிந்துவிட்டது. பார்க்கச் சுமார்தான். ரெவ்யூவில் 12 வோல்ட் குட்டிப் பம்ப் சரியாக நின்றது. ஆனால், பச்சைப் பூச்சு இல்லாத அந்த போர்டில் வீட்டு மோட்டாரின் 230 வோல்ட்டை இணைக்க நான் விடமாட்டேன்.

கோடுகள் மெல்லியவை, இரு பக்கமும் இணைப்பு, வருஷக்கணக்கில் ஓட வேண்டும் என்றால் யோசிக்காமல் ஆர்டர் செய்யுங்கள். '5 போர்டு 2 டாலர்' என்பதை மட்டும் நம்பி இறங்க வேண்டாம். கூரியரும் சுங்க வரியும் போர்டு விலையைத் தாண்டிவிடும். பெங்களூரு, காந்திநகரில் செய்பவர்களிடமும் விலை கேளுங்கள்.

ஆர்டருக்கு முன் டிசைனை அதே அளவில் சாதாரணப் பேப்பரில் பிரின்ட் எடுத்து, ஒவ்வொரு பாகத்தையும் அதன்மேல் வைத்துப் பாருங்கள். தம்பி இதைச் செய்திருந்தால் அந்த ராத்திரியே தேவைப்பட்டிருக்காது.

பச்சை போர்டுகள் வீணாகவில்லை. அம்மா அவற்றின் மேல்தான் காபி டம்ளர் வைக்கிறார்.