காசில் இரண்டு முகங்கள்

தாராபுரத்தைத் தொட்டு ஓடும் அமராவதி, கரூரைத் தாண்டிக் காவிரியில் கலக்கிறது. கரூர்ப் பக்கம் அதன் மணலில் ரோமானியக் காசுகள் கிடைத்திருக்கின்றன. கோவையை அடுத்த வெள்ளலூரில் 1842-ல் ஒரே புதையலாக 522 வெள்ளிக் காசுகள் வெளிப்பட்டன. மிளகுக்கும் மணிக்கற்களுக்கும் விலையாகக் கடல் கடந்து வந்த பணம் இது.

இக்காசுகளில் நம் காசுபோல ஆண்டு அச்சிடப்பட்டிருக்காது. பின் காலத்தை எப்படிக் கணிக்கிறார்கள்? முகங்களையும் அவற்றைச் சுற்றியுள்ள எழுத்துகளையும் கொண்டுதான்.

டைபீரியஸ் மன்னரின் காசை எடுத்துக்கொள்வோம். ஒரு புறம் அவர் தலை. மறுபுறம் அமர்ந்த நிலையில் ஒரு பெண். அவர் மன்னரின் தாய் லிவியா என்பது பலர் கருத்து. ஆனால் பெயர் பொறிக்கப்படவில்லை. ஆகவே கி.பி. 14-க்கும் 37-க்கும் இடைப்பட்டது என்பதற்குமேல் எளிதில் சொல்ல முடியாது.

கிளாடியஸ் மன்னரின் பொற்காசு ஒன்று இதைவிடத் தெளிவாகப் பேசும். ஒரு புறம் மன்னர், மறுபுறம் கதிர்முடி சூடிய மனைவி அக்ரிப்பினா, பெயருடன். திருமணம் நடந்தது கி.பி. 49-ல். காசில் உள்ள 'அகஸ்டா' என்ற பட்டம் அவருக்குக் கிடைத்தது 50-ல். மன்னர் இறந்தது 54-ல். காசின் பிறப்பு நான்கைந்து ஆண்டுகளுக்குள் அடங்கிவிட்டது, பார்த்தீர்களா!

அடுத்துப் பட்டத்துக்கு வந்தவர் அக்ரிப்பினாவின் மகன் நீரோ, பதினாறு வயதுப் பையன். 54-ஆம் ஆண்டுக் காசில் தாயும் மகனும் எதிரெதிரே நோக்குகின்றனர். முன்புறத்தில் இருப்பது தாயின் பெயர்! 55-ல் மகன் முகம் முன்னே, தாய் முகம் அதன் பின்னே. தாயின் பெயரும் மறுபுறம் போய்விட்டது. அதன்பின் தாயின் முகமே இல்லை. 59-ல் மகன் ஆணையால் அவர் கொல்லப்பட்டார். அரண்மனைப் பூசலைக் காசு முன்கூட்டியே சொல்லிவிட்டது எனலாம்.

ஒன்றை மறக்கக்கூடாது. இது காசு அச்சான காலம். புதைத்த காலம் அன்று. புதைத்த காலத்தை அறியப் புதையலில் மிகப் புதிய காசைத் தேட வேண்டும். புதுக்கோட்டைப் பகுதியில் 1898-ல் கிடைத்த 501 பொற்காசுகளில் அகஸ்டஸ் முதல் வெஸ்பாசியன் வரை பலர் உள்ளனர். வெஸ்பாசியன் அரியணை ஏறியது 69-ல்; ஆகவே அதற்குமுன் அது புதைக்கப்பட்டிருக்க முடியாது. கண்டெடுத்தவர் வெஸ்பாசியன் காசுகளை மட்டும் தட்டானிடம் கொடுத்து உருக்கியிருந்தால், அப்புதையலை நீரோ காலத்தது என்றே நாம் எழுதிவைத்திருப்போம்.