பிந்திய சில்லும் சரிந்த பங்கும்

2024 ஆம் ஆண்டு ஒக்டோபர் 8 ஆம் திகதி, தென்கொரியாவின் சம்சுங் நிறுவனம் பகிரங்கமாக மன்னிப்புக் கோரியது. அதற்குச் சற்றுமுன் முடிந்த காலாண்டில் அது ஈட்டியதாக மதிப்பிட்ட செயற்பாட்டு இலாபமோ சுமார் 9.1 டிரில்லியன் வொன். இத்துணை இலாபம் ஈட்டும் கம்பனி எதற்காக மன்னிப்புக் கேட்க வேண்டும் என்ற வினா எவருக்கும் எழக்கூடியதே.

காரணம், ஒரு பொருள் உரிய காலத்தில் சந்தைக்கு வராமையாகும். செயற்கை நுண்ணறிவுக் கணினிகளுக்கென, நினைவகச் சில்லுகளை மாடிகள் போல ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கித் தயாரிக்கும் எச்.பி.எம். என்ற வகை இன்று பெரும் கிராக்கி பெற்றுள்ளது. இதனைப் பெருமளவில் கொள்வனவு செய்வது என்விடியா நிறுவனம். தன் பரிசோதனையில் தேறிய சில்லையே அது வாங்கும். எஸ்.கே. ஹைனிக்ஸ் நிறுவனம் 2024 மார்ச்சிலேயே எச்.பி.எம்.3இ வகையைப் பெருமளவில் உற்பத்தி செய்யத் தொடங்கிவிட்டது. சம்சுங் பின்தங்கியது. வெப்பமும் மின்நுகர்வும் அதன் சில்லில் பிரச்சினையாக இருப்பதாக மே மாதம் செய்தி வெளியானபோது நிறுவனம் அதனை மறுத்தது. ஆயினும் அன்றைய தினமே பங்கு விலை சுமார் 3 சதவீதம் வீழ்ந்தது.

ஊவாவின் தேயிலையை அறிந்தவர்களுக்கு இது புரியாத விடயமல்ல. ஜூலை முதல் செப்டெம்பர் வரை வரண்ட காற்று வீசும் காலத்துக் கொழுந்துக்கே கொழும்பு ஏலத்தில் தனி மதிப்புண்டு. அப்பருவத்தைத் தவறவிட்ட தேயிலை, எவ்வளவு கவனமாகப் பதப்படுத்தப்பட்டாலும் சாதாரணத் தேயிலைதான். நினைவகச் சில்லும் அவ்வாறே. முதலில் தேறியவர் கொள்வனவு ஒப்பந்தங்களைப் பெறுகின்றார். பின்னால் வருபவர் விலை தளர்ந்த சந்தையில் நிற்கின்றார். தொழிற்சாலைச் செலவோ இருவருக்கும் ஒன்றே. முதலீட்டாளர் விலை கொடுப்பது நேற்றைய இலாபத்திற்கல்ல, நாளைய இலாபத்திற்காகும்.

2024 ஜூலையில் 85,000 வொன்னைத் தாண்டியிருந்த சம்சுங் பங்கு, நவம்பர் 14 ஆம் திகதி 49,900 வொன்னாகச் சரிந்தது. மறுநாள், 10 டிரில்லியன் வொன் பெறுமதியான தனது பங்குகளைத் தானே மீள வாங்கப்போவதாகச் சந்தை மூடிய பின்னர் நிறுவனம் அறிவித்தது; அடுத்த வர்த்தக நாளில் விலை சுமார் 6 சதவீதம் ஏறியது. சில்லில் எந்த மாற்றமும் நிகழவில்லை என்பது கவனிக்கத்தக்கது. 2025 ஒக்டோபரில் அதே பங்கு 100,000 வொன்னைக் கடந்தது. பதற்றத்தில் விற்றவர்கள் என்ன நினைத்திருப்பார்களோ!

தாமதம் எமது மாகாணத்திற்கும் புதிதல்ல. 2008 இல் தொடக்கி வைக்கப்பட்ட உமா ஓயாத் திட்டம் 2024 ஏப்ரலிலேயே திறந்து வைக்கப்பட்டது. இடையில் சுரங்கத்தில் நீர் கசிந்து பண்டாரவளைப் பிரதேசத்தில் கிணறுகள் வற்றின, வீடுகள் வெடித்தன. பங்குதாரர் ஒருவர் அதிருப்தியுற்றால் மறுநாள் காலை விற்றுவிட்டு வெளியேறலாம். வெடித்த வீட்டின் உரிமையாளருக்கு அத்தகைய சந்தை எதுவும் இல்லை. ஊழியர் சேமலாப நிதியில் மாதாந்தம் பணம் கழிக்கப்படும் தோட்டத் தொழிலாளியின் நிலையும் ஏறத்தாழ இதுவே. அந்நிதியின் ஒரு பகுதி கொழும்புப் பங்குச் சந்தையில் இடப்பட்டுள்ளது. எப்பங்கை வைத்திருப்பது, எதனை விற்பது என்று அவரிடம் எவரும் கேட்பதில்லை.

சியோலில் நடந்த இப்போட்டியின் சூடு பதுளைக்கும் வந்தே தீரும். இலாபம் கூடிய எச்.பி.எம். பக்கம் தொழிற்சாலைகள் திரும்பியதால், 2025 இன் பிற்பகுதியில் சாதாரணக் கணினி நினைவகத்தின் விலை உலகெங்கும் கடுமையாக உயர்ந்தது. அவ்வாண்டு டிசெம்பரில் அமெரிக்காவின் மைக்ரோன் நிறுவனம், பொதுமக்களுக்கு நினைவகம் விற்கும் தனது குரூஷியல் வியாபாரத்தைக் கைவிடுவதாக அறிவித்தது. பழைய கணினியில் நினைவகத்தைக் கூட்டிப் பாவிக்க எண்ணும் பசறைத் தோட்டத்து மாணவனும், அதனை வரவழைத்துக் கொடுக்கும் பதுளை நகரக் கடைக்காரரும் எந்தப் பங்குச் சந்தையிலும் கால் வைத்தவர்களல்லர். பற்றுச்சீட்டு மட்டும் அவர்களது கைக்கு வருகின்றது.