டிரையருக்குப் பின்னால் ஒரு குழாய்

டிரையர் உடுப்புக் காயவைக்கவில்லை என்று என்னைக் கூப்பிடுகிற வீடுகளில், மெசினைக் கழற்றுவதற்கு முன் அதை முன்னுக்கு இழுத்துப் பின்பக்கத்தைப் பார்ப்பது என் வழக்கம். கனடாவின் ஸ்காபரோவிலும் மார்க்கத்திலும் வீட்டு மெசின்கள் திருத்துவது என் தொழில். இங்குள்ள எங்கள் தமிழ் ஆட்களின் வீடுகளில் டிரையர் பெரும்பாலும் பேஸ்மென்டில்தான் இருக்கும். இடம் போதாதென்று அதைச் சுவரோடு ஒட்டத் தள்ளி வைத்திருப்பார்கள். இழுத்துப் பார்த்தால், மினுங்கும் தாளால் செய்த ஒரு குழாய் இரண்டாக மடிந்து நசுங்கிக் கிடக்கும். அதன் மடிப்புகளில் சாம்பல் நிறப் பஞ்சு கட்டியாக உறைந்திருக்கும்.

"தம்பி, ரெண்டு தரம் ஓடவிட்டாலும் பெட்சீற் ஈரமாத்தான் கிடக்கு. புது மெசின் எடுப்பம் எண்டு மகன் சொல்லுறான்" என்றார் ஓர் அம்மா.

"அன்ரி, மெசினுக்கு ஒண்டும் இல்லை. காத்து வெளியால போக வழியில்லாமல் நிக்குது. ஹோஸை மாத்தினாச் சரி" என்றேன்.

அவர் நம்பத் தயங்கினார். பெரிய விலை கொடுத்து வாங்கிய மெசினை ஒரு சின்னக் குழாய் இப்படி முடக்கிவிடும் என்று யாருக்கும் எளிதில் தோன்றாது. ஆனால் உடுப்புக் காய்வதும் வீட்டுக்குத் தீங்கு வராமல் இருப்பதும் அந்தக் குழாயைப் பொறுத்தவை. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

டிரையர் வீட்டுக் காற்றை உள்ளே இழுத்து, மின்சாரச் சுருளாலோ காஸ் நெருப்பாலோ சூடாக்கி, சுழலும் தொட்டியிலுள்ள ஈர உடுப்பின் ஊடாகச் செலுத்துகிறது. பிறகு அந்தக் காற்றை ஈரத்தோடு வீட்டுக்கு வெளியே தள்ளுகிறது. இதைத் தள்ளுவதற்கு இருப்பது ஒரு சின்ன விசிறி. பருத்தித் துணியிலிருந்து உதிரும் நுண்ணிய பஞ்சின் பெரும்பகுதியைக் கதவடியிலோ மேலேயோ இருக்கும் வலை பிடித்துக்கொள்ளும். பிடிபடாமல் தப்பும் பஞ்சு ஈரக் காற்றோடு குழாய்க்குள் போகும். குழாயின் உள்பக்கம் வழவழப்பாக இருந்தால் அது வெளியே பறந்துவிடும். மடிப்பும் சுருக்கமும் இருந்தால் அங்கே ஒட்டும். ஒட்டியதன் மேல் இன்னும் ஒட்டும். காற்று மெதுவாகும். வெளியேற வேண்டிய சூடு உள்ளேயே தங்கும். உலர்ந்த பஞ்சைப்போல் சட்டென்று தீப்பற்றும் பொருள் வீட்டில் வேறு அதிகம் இல்லை.

அமெரிக்கத் தீயணைப்பு நிர்வாகம் 2008 முதல் 2010 வரையான தீவிபத்துகளை ஆராய்ந்து ஒரு கணக்குத் தந்தது. அந்நாட்டு வீடுகளில் ஆண்டுக்குச் சுமார் 2,900 டிரையர் தீவிபத்துகள். அவற்றால் ஆண்டுதோறும் 5 பேர் இறந்தார்கள், 100 பேர் காயப்பட்டார்கள், 3.5 கோடி டொலர் சொத்து அழிந்தது. முதன்மைக் காரணமாக அவர்கள் கண்டது, சுத்தம் செய்யாமல் விட்டது. விபத்துகள் மிகுந்த மாதம் ஜனவரி. குளிர்காலத்தில் தடித்த உடுப்புகள் கூடுவதும், கொடியில் காயப்போட வழியில்லாததும் இந்தப் பக்கம் வாழ்கிறவர்கள் அறிந்ததே.

கடையில் நான்கு வகைக் குழாய்களைக் காணலாம். வெள்ளைப் பிளாஸ்டிக் குழாயைத் தொடவே வேண்டாம். உள்ளே கம்பிச் சுருளும் மேலே மெல்லிய பிளாஸ்டிக்கும் கொண்ட அது, பஞ்சில் தீப்பிடித்தால் தானும் சேர்ந்து எரியும். பழைய வீடுகளில் இன்னும் இருக்கிறது. அதற்கு அடுத்தது நான் மேலே சொன்ன மினுங்கும் தாள் குழாய். அலுமினியம் போலத் தெரிவதால் பலர் இதை உலோகம் என்று நம்புகிறார்கள். பெரும்பாலும் அது பிளாஸ்டிக்கோடு ஒட்டிய மெல்லிய தாள்தான். விலை குறைவு, வளைப்பது சுலபம், அதனால் மெசினைக் கொண்டுவந்து இறக்கிப் பூட்டுகிறவர்களும் இதையே போட்டுவிட்டுப் போகிறார்கள். இதிலும் தரச்சான்று பெற்றவை உண்டு. ஆனாலும் நான் போடமாட்டேன். அமெரிக்க நுகர்பொருள் பாதுகாப்பு ஆணையமும் பிளாஸ்டிக், தாள் இரண்டு வகையையும் கழற்றிவிட்டு உலோகக் குழாய் போடும்படிதான் சொல்கிறது.

போட வேண்டியவை மற்ற இரண்டும். முதலாவது, கையால் வளைக்கக்கூடிய, முழுக்க அலுமினியத்தால் ஆன நெளிவுக் குழாய். தொட்டுப் பார்த்தால் தகரம்போல விறைப்பாக இருக்கும். ஒரு முறை வளைத்தால் அந்த வடிவத்திலேயே நிற்கும். வாங்கும்போது அட்டையில் யுஎல் 2158ஏ என்ற தர எண் இருக்கிறதா என்று பாருங்கள். மெசினிலிருந்து சுவர் வரைக்கும் உள்ள சிறிய தூரத்துக்கு இது பொருத்தமானது. இரண்டாவது, வளைக்க முடியாத நேர்த் தகரக் குழாய். உள்பக்கம் வழவழப்பானது இது ஒன்றுதான். சுவருக்குள்ளும் கூரைப்பலகைக்கு மேலேயும் ஓடும் பகுதி இதுவாகத்தான் இருக்க வேண்டும். வளையும் குழாய் எதையும் சுவருக்குள் மறைத்துப் பூட்டக் கூடாது. பேஸ்மென்டை வாடகைக்கு விடுவதற்காக அவசரமாகச் சீலிங் அடித்த சில வீடுகளில், தாள் குழாயை உள்ளே விட்டு மேலே பலகையால் மூடியிருந்ததைக் கண்டிருக்கிறேன். உள்ளே பஞ்சு அடைத்தாலும் யாருக்கும் தெரியாது, கிழிந்தாலும் தெரியாது. கீழே ஒரு குடும்பம் படுத்துறங்கும். இதைப் பார்க்கும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும்.

விட்டம் 4 அங்குலம். அதைக் குறைக்கக் கூடாது. அடுத்தது நீளம், திருப்பம். அமெரிக்காவில் பல மாநிலங்கள் பின்பற்றும் வீட்டுக் கட்டுமான விதிநூல், குழாயின் மொத்த நீளத்துக்கு 35 அடி என்று எல்லை வைக்கிறது. ஒவ்வொரு செங்கோணத் திருப்பத்துக்கும் அதில் 5 அடியைக் கழிக்கச் சொல்கிறது. சாய்வான அரைத் திருப்பத்துக்கு இரண்டரை அடி. அதாவது மூன்று செங்கோணத் திருப்பம் இருந்தால் 20 அடிதான் மிச்சம். மெசினையும் சுவரையும் இணைக்கும் வளையும் துண்டு 8 அடிக்கு மேற்படாமல், இடையில் ஒட்டுப் போடாமல் இருக்க வேண்டும் என்பதும் அதே நூலின் விதி. கனடாவில் மாகாணக் கட்டட விதியையும் மெசினோடு வரும் கையேட்டையும் பார்க்க வேண்டும். எத்தனை திருப்பத்துக்கு எத்தனை அடி என்று கையேட்டில் ஓர் அட்டவணை இருக்கும். அந்தப் புத்தகத்தை எறிந்துவிடாதீர்கள்.

ஆகவே ஹோஸ் வாங்கப் போகும் முன் யோசிக்க வேண்டியது மெசின் நிற்கும் இடத்தைப் பற்றி. வெளிச்சுவரோடு சேர்ந்த மூலை என்றால் நான்கைந்து அடியில் வேலை முடிந்துவிடும். வீட்டின் நடுவில், படிக்கட்டுக்குக் கீழே என்று வைத்தால் குழாய் நீண்டு வளைந்து போகும். வீடு திருத்துகிறவர்கள் மெசினுக்கு இடம் குறிக்கும்போதே இதைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

மின்சார டிரையர் என்றால் வளையும் துண்டை நீங்களே மாற்றலாம். முதலில் பிளக்கைக் கழற்றுங்கள். பழைய ஹோஸை எடுத்ததும், மெசினின் வாயிலும் சுவர்க் குழாயிலும் உள்ள பஞ்சைத் தூரிகையாலும் வெக்யூமாலும் எடுத்துவிடுங்கள். புது அலுமினியக் குழாய் சுருக்கிய நிலையில் வரும். நிதானமாக இழுத்து, தேவையான அளவுக்குத் தகரம் வெட்டும் கத்தரியால் வெட்டுங்கள். விளிம்பு கூராக இருக்கும், கையுறை போடுங்கள். "மிச்சம் கிடக்கட்டும்" என்று மெசினுக்குப் பின்னால் பாம்பாகச் சுருட்டி விட வேண்டாம். மெசினை முன்னுக்கு இழுத்துப் பின் தள்ளப் போதுமான அளவு இருந்தால் சரி. இரண்டு முனையிலும் உலோகக் கிளாம்ப் போட்டு ஸ்க்ரூட்ரைவரால் இறுக்குங்கள்.

நேர்த் தகரக் குழாய்களை ஒன்றுக்குள் ஒன்று செருகும்போது, ஒடுங்கிய முனை காற்று போகும் திசையைப் பார்த்து இருக்க வேண்டும். மாறிச் செருகினால் அந்த விளிம்பிலேயே பஞ்சு சிக்கும். நீளமான திருகாணி அடித்தாலும் அதே கதைதான், உள்ளே நீட்டிக்கொண்டிருக்கும் நுனியில் பஞ்சு தொங்கும். எட்டில் ஒரு அங்குலத்துக்கு மேல் அது உள்ளே நீளக் கூடாது என்பது மேலே சொன்ன விதிநூலின் விதி. மூட்டுகளை அலுமினிய டேப்பால் ஒட்டுங்கள். துணி போன்ற சாம்பல் நிற டேப் சூட்டில் காய்ந்து உரிந்துவிடும். கடைசியாக மெசினைத் தள்ளும்போது குழாயை நசுக்காதீர்கள். பின்னால் இடமே இல்லையென்றால் இதற்கென்றே தட்டையான உலோகக் குழாய் விற்கிறது. அதை வாங்குங்கள்.

இனி வெளியே போய்ப் பாருங்கள். மெசின் ஓடும்போது சுவரிலுள்ள மூடி நன்றாகத் திறந்து, கையை வைத்தால் சூடான காற்று பலமாக அடிக்க வேண்டும். குருவியும் அணிலும் புகாமல் இருக்கச் சிலர் அங்கே கம்பிவலை அடிக்கிறார்கள். அந்த விதிநூல் அதைத் தடை செய்கிறது; பஞ்சு அடைக்க அதைவிட நல்ல இடம் இல்லை. நன்றாக மூடும் தகட்டுக் கதவே போதும். பனிக்காலத்தில் அது உறைந்து ஒட்டியிருக்கிறதா, பனிக்குவியல் மூடியிருக்கிறதா என்றும் பாருங்கள். குளிருக்குச் சூடு வீணாகிறதே என்று காற்றை வீட்டுக்குள்ளேயே திருப்பி விடுகிறவர்களும் உண்டு. அவ்வளவு ஈரமும் பேஸ்மென்ட் சுவரில் படிந்து பூஞ்சணம் பிடிக்கும். காஸ் டிரையரில் அது உயிரையே வாங்கும், ஏனென்றால் அந்தக் காற்றோடு கார்பன் மொனொக்சைடும் வருகிறது. காஸ் டிரையரை உரிமம் பெற்றவரைக் கொண்டே பூட்டுங்கள்.

கொண்டோ வீடுகளில் குழாய் சீலிங்குக்குள் நீண்டு போவதால், பல கட்டடங்களில் மேலே தனியாக ஒரு பஞ்சுப்பெட்டியும் துணை விசிறியும் வைத்திருப்பார்கள். அப்படி ஒன்று இருப்பதே தெரியாமல் பலர் குடியிருக்கிறார்கள். உங்கள் நிர்வாகத்திடம் கேட்டு, அதைத் திறந்து துடைக்கப் பழகுங்கள்.

குழாய் சரியாக இருந்தாலும் வலையை ஒவ்வொரு முறையும் துடைக்க வேண்டும். வாசனைத் தாள் போடுகிற வீடுகளில் வலையின் மேல் கண்ணுக்குத் தெரியாத ஒரு படலம் படியும். வலையைத் தண்ணீர்க் குழாயடியில் பிடித்துப் பாருங்கள். தண்ணீர் இறங்காமல் மேலேயே தேங்கினால் சவுக்காரம் போட்டுக் கழுவுங்கள். உள்குழாய் முழுவதையும் வருடத்துக்கு ஒரு முறையாவது துப்புரவாக்க வேண்டும். உடுப்புக் காய வழக்கத்தைவிட நேரம் எடுத்தாலோ, மெசினின் மேல்தகடு கைவைக்க முடியாதபடி சுட்டாலோ வருடம் முடியும் வரை காத்திருக்க வேண்டாம். சூடு கூடினால் தானாக அறுந்து மெசினைக் காக்கும் ஒரு ஃபியூஸ் உள்ளே இருக்கிறது. அது அடிக்கடி அறுகிறது என்று சிலர் அதை விலக்கி, நேரே வயர் கொடுத்துவிடுகிறார்கள். அப்படிச் செய்து தருகிற ஆளை மறுபடி வீட்டுக்குள் விடாதீர்கள்.

எங்கள் வீடுகளுக்கென்றே சொல்ல வேண்டியது எண்ணெய்த் துணி. நல்லெண்ணெய் வைத்து முழுகித் துடைத்த துவாய், சமையலறையில் எண்ணெய் துடைத்த துணி இவற்றைக் கழுவினாலும் எண்ணெய் முழுதாகப் போகாது. காற்றோடு வினைபுரிந்து அந்த எண்ணெய் தானே சூடேறும். டிரையரின் சூடும் சேர்ந்தால், வெளியே எடுத்துக் குவித்து வைத்த பிறகுகூட அந்தத் துணி பற்றிக்கொள்ளலாம். அவற்றைத் தனியாக வைத்து, கொடியில் காயப்போடுங்கள்.

இன்னொன்று இரவு. ஒன்ராறியோவில் நேரத்துக்கேற்ற கட்டணத்தில் மாலை 7 மணிக்குப் பிறகு மின்சாரம் மலிவு. 2023 இல் வந்த இன்னொரு திட்டத்தில் இரவு 11 மணிக்குப் பிறகு மிகமிக மலிவு. அதை நம்பி டிரையரைப் போட்டுவிட்டுப் படுக்கப் போகிற வீடுகள் நிறைய. இரட்டை வேலை செய்து களைத்து வருகிறவர்களின் சிரமம் எனக்குத் தெரியும். என்றாலும் எல்லோரும் உறங்கும்போதும், வீட்டில் யாரும் இல்லாதபோதும் டிரையர் ஓடக் கூடாது. மாலை 7 மணிக்குப் போட்டு, படுக்க முன் நிறுத்துங்கள்.

இந்தச் சனி ஞாயிறில் டிரையரை முன்னுக்கு இழுத்துப் பாருங்கள். பேஸ்மென்டை வாடகைக்கு விட்டிருந்தால், கீழே இருப்பவர்களிடம் சொல்லிவிட்டு அங்கேயும் இறங்கிப் பாருங்கள். பின்னால் இருப்பது வெள்ளைப் பிளாஸ்டிக்கோ மினுங்கும் தாளோ என்றால், உலோகக் குழாய் மாற்றும்வரை அந்த மெசினைப் போடாதீர்கள்.