யாருடைய சங்கம்? தேக்கா பக்கத்துத் திடல் சொல்லும் கதை

பால் வெட்டிவிட்டோ, செம்பனைக் குலை தள்ளிவிட்டோ வந்து, மாலையில் திடலில் இறங்கும் நம் தோட்டத்துப் பிள்ளைகளுக்கு ஒரு சங்கதி தெரிய வேண்டும். பந்து உதைப்பவர்கள் பதினோரு பேர். ஆனால் எந்தப் போட்டியில் ஆடுவது, எங்கே ஆடுவது, யார் பயிற்றுநர் என்பதையெல்லாம் முடிவு செய்வது சங்கம். அந்தச் சங்கத்தில் யார் உட்கார்ந்திருக்கிறார்கள், அவர்களை உட்கார வைத்தது யார்? இதற்குச் சிங்கப்பூர்க் காற்பந்துச் சங்கத்தின் கதை நல்ல பாடம்.

சிங்கப்பூர் தேக்காவில் மளிகை வாங்கப் போகிறவர்கள் சற்று நடந்தால் ஜாலான் புசார் அரங்கத்தைப் பார்க்கலாம். 1929-ல் கட்டியது. இந்தப் பக்கம் போனால் ஃபேரர் பார்க். ஒரு காலத்தில் குதிரைப் பந்தயத் திடல். பின்னால் பந்தாட்டக்காரர்கள் உருவான இடம். காற்பந்துச் சங்கம் ஜாலான் புசார் அரங்கத்துக்கு மூத்தது. 1892-ல் தோன்றியது.

கிண்ணம் தந்த பெருமை

1921-ல் மலாயாக் கிண்ணப் போட்டி தொடங்கியது. முதல் கிண்ணத்தைச் சிலாங்கூரை வென்று கொண்டு போனது சிங்கப்பூர்தான். பின்னாளில் அதுவே மலேசியக் கிண்ணம். ஆட்டம் நடக்கும் அன்று லயத்தில் ரேடியோவைச் சுற்றிக் கூட்டம் நிற்கும். "நம்ம மாநிலமா, சிங்கப்பூரா?" என்று பந்தயம் கட்டாத ஆள் உண்டா?

1970-களில் சங்கத்தின் தலைமைப் பொறுப்பில் இருந்தவர் வழக்கறிஞர் என். கணேசன். ஜாலான் புசார் அரங்கம் கூட்டத்துக்குப் போதவில்லை என்று கண்டு, 55,000 பேர் அமரும் காலாங் தேசிய அரங்கத்துக்கு ஆட்டத்தைக் கொண்டு போனார். "காலாங் முழக்கம்" என்று பேர் வாங்கிய ரசிகர்களின் ஆரவாரம் அங்கேதான் பிறந்தது. பயிற்றுநர் சூ செங் குவீ கண்டிப்பானவர். 1977 மே மாதம் கோலாலம்பூர் மெர்டேக்கா அரங்கத்தில், கூடுதல் நேரத்தில், பினாங்கை 3-2 என்று வென்றார்கள். அணித்தலைவர் சமது அல்லாப்பிச்சை. வெற்றிக் கோலைத் தலையால் முட்டிப் போட்டவர் குவா கிம் சோங். நிர்வாகியும் பயிற்றுநரும் ஆட்டக்காரரும் ஒரே திசையில் இழுத்தால் தேர் நகரும் என்பதற்கு இது சாட்சி.

ஒரு கையெழுத்து

1994-ல் லீக்கையும் கிண்ணத்தையும் சேர்த்தே வென்றது சிங்கப்பூர். இறுதி ஆட்டத்தில் பாகாங்குக்கு எதிராக 4-0. அடுத்த வருஷம் என்ன ஆனது? நுழைவுச்சீட்டு வசூலில் பங்கு பற்றி மலேசியச் சங்கத்தோடு தகராறு. 1995-ல் விலகிக்கொண்டது. எழுபது வருஷத்துக்கு மேற்பட்ட உறவு, மேசையில் முடிந்து போனது. அரங்கத்தை நிரப்பிய ரசிகனை யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. 1996-ல் சொந்த லீக் தொடங்கினார்கள். ஆனால் பழைய கூட்டம் திரும்பவில்லை.

1998-ல் இன்னொரு பக்கம் நல்ல காரியம் நடந்தது. ஹனோயில் வியட்நாமுக்கு எதிரான தென்கிழக்காசியக் கிண்ண இறுதி ஆட்டத்தில் நம்மவர் ஆர். சசிகுமார் போட்ட ஒரே கோல், சிங்கப்பூருக்கு முதல் அனைத்துலகக் கிண்ணத்தைத் தந்தது. அதே காலத்தில், 2010 உலகக் கிண்ணத்துக்குப் போவோம் என்று மேலிடம் இலக்கு வைத்தது. 2010 வந்தது, போனது. சிங்கப்பூர் போகவில்லை. இலக்கு வைத்தவர்களை யார் கேள்வி கேட்பது?

கேட்க வழியில்லை ஐயா! தலைவரையும் மன்றத்தினரையும் அமைச்சர் நியமிப்பதே அங்கே வழக்கமாக இருந்தது. அமைச்சர்களும் நாடாளுமன்ற உறுப்பினர்களும் தலைவர்களாக இருந்தார்கள். அரசாங்கம் தலையிடாமல் தேர்தல் நடக்க வேண்டும் என்பது உலகக் காற்பந்துக் கழகமான ஃபிஃபாவின் விதி. அதன்படி 2017 ஏப்ரலில்தான் முதல் தேர்தல். லிம் கியா தோங் அணி 30 வாக்கு, எதிரணி 13. சங்கம் பிறந்து 125 வருஷம் கழித்து முதல் வாக்குச்சீட்டு!

சீட்டு மட்டும் போதுமா?

வாக்கு கிளப்புகளுக்குத்தான், ரசிகனுக்கு இன்னும் கிடையாது. 2025-ல் ஃபாரஸ்ட் லி போட்டியின்றித் தலைவரானார். அந்த வருஷம் நவம்பரில் ஹாங்காங்கை அதன் மண்ணிலேயே 2-1 என்று வென்று, 2027 ஆசியக் கிண்ணத்துக்குச் சிங்கப்பூர் தகுதி பெற்றது. சொந்த ஆட்டத்தால் தகுதி பெற்றது இதுவே முதல் முறை. 1984-ல் போட்டியை ஏற்று நடத்தியதால் இடம் கிடைத்தது. வெற்றி வந்தால் எல்லாரும் கைதட்டுவோம், சரி. தோல்வி வரும்போது கேள்வி கேட்க வாக்கு கையில் இருக்க வேண்டும்.

நம் தோட்டத்துக் காற்பந்துக் குழுவும், கோயில் கமிட்டியும், தொழிற்சங்கக் கிளையும் இதற்கு விலக்கல்ல. "தலைவர் பார்த்துக்குவாரு" என்று கூட்டத்துக்குப் போகாமல் வீட்டில் இருந்தால், வாக்கு இருந்தும் இல்லாதவர்தான் நாம். அடுத்த ஆண்டுக் கூட்டத்துக்குப் போங்கள். பந்து வாங்கிய கணக்கை, சட்டை வாங்கிய கணக்கை, "கொஞ்சம் காட்டுங்க அண்ணே" என்று மரியாதையாகவே கேளுங்கள். கேட்பவன் பகையாளி அல்ல. கேட்பவனால்தான் சங்கம் நிற்கும்.